சித்தியின் நாக்கும் படிக்கட்டுக் கடையும்

சாண்ட்விச்சை ஒரு கடி கடித்ததும் பத்து வயது மோப்பத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வாய்க்குள் ரொட்டி இருந்தது. சீஸ் இருந்தது. தக்காளி இருந்தது. கூடவே பாத்திரம் கழுவும் சோப்பும் இருந்தது!

நல்ல சத்தமாகத் துப்பியிருப்பாள். ஆனால் அது நகரத்திலேயே பெரிய சாண்ட்விச் கடை. கண்ணாடிக் கதவு, பளபளக்கும் மேசை, வாசல்வரை வரிசை. அங்கே துப்பினால் அம்மா காதுக்குப் போகாமலா இருக்கும்? காகிதக் கைக்குட்டையில் சத்தமில்லாமல் துப்பிவிட்டு எதிரே பார்த்தாள்.

எதிரே அவளுடைய சித்தி உட்கார்ந்திருந்தாள். அதே சாண்ட்விச்சின் மறுபாதியைக் கண்களை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தாள்.

"ம்ம்ம்... என்ன ஒரு மொறுமொறுப்பு!" என்றாள் சித்தி.

"சித்தி, சோப்பு!" என்று மோப்பம் கிசுகிசுத்தாள்.

"எங்கே?" சித்தி குனிந்து மேசைக்கு அடியில் தேடினாள்.

"உன் வாயில!"

சித்தி திருதிருவென்று விழித்தாள். கையில் இருந்த ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அசடு வழியச் சிரித்தாள். "அது... ஏதோ புது மாதிரி பண்ணியிருக்காங்க போல."

புது மாதிரியாம்! மோப்பம் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுத் தட்டை மூக்கருகே வைத்துப் பார்க்கச் சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "ஐயையோ, நறுக்கற பலகையைச் சரியா அலசாம விட்டுட்டாங்க!" என்று தட்டோடு உள்ளே ஓடினார்.

மோப்பம் என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கூப்பிட நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டில் பால் தீய்ந்தால் இந்த வீட்டில் இருந்தபடியே சொல்லிவிடும் மூக்கு அவளுக்கு. அதனால் சித்தி வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சித்தி மட்டும் சாதாரண ஆளா? நகரத்தின் பெரிய செய்தித்தாளில் ஞாயிற்றுக்கிழமை தோறும் 'நாக்கு' என்ற பகுதியை எழுதுகிறவள் அவள்தான். எந்தக் கடையில் எது ருசி, எந்தக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று அதைப் படித்துத்தான் ஊர் முடிவுசெய்யும். நாக்கு என்றால் சமையல்காரர்களுக்குக் குலைநடுக்கம். ஆனால் நாக்கு யார் என்று ஒருவருக்கும் தெரியாது. கடைக்குப் போகும்போது சித்தி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வாள். தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொள்வாள்.

அந்த வாரம் நாக்குக்குப் பெரிய வேலை. நகரத்திலேயே மிகச் சிறந்த சாண்ட்விச் எது? வாசகர்கள் ஐந்து கடைகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை நாக்கு அறிவிக்க வேண்டும். ஜெயித்த கடைக்குத் தங்க முலாம் பூசிய ரொட்டிக் கத்தி பரிசு.

பள்ளிக்கூடம் விடுமுறை. "வீட்டுல உன் தொல்லை தாங்கல. சித்திகூடப் போ" என்று அம்மா அனுப்பிவைத்தார். மோப்பத்துக்குக் கசக்குமா? குதித்துக்கொண்டு கிளம்பினாள். முதல் கடையிலேயே சோப்பு!

பேருந்தில் வீடு திரும்பும்போது மோப்பம் சித்தியையே பார்த்துக்கொண்டு வந்தாள். சோப்பை விழுங்கிவிட்டு 'மொறுமொறுப்பு' என்றால் என்ன அர்த்தம்? அவளுக்குள் ஏதோ குடைந்துகொண்டே இருந்தது.

சித்தியின் வீடு மாடியில், மோப்பத்தின் வீட்டுக்கு நேர் மேலே. மோப்பம் நேராகச் சித்தியின் சமையலறைக்குப் போனாள். ஒரு ஆப்பிளை நறுக்கினாள். ஒரு பச்சை உருளைக்கிழங்கையும் தோல் சீவி நறுக்கினாள். இரண்டையும் இரண்டு கிண்ணங்களில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சித்தி, கண்ணை மூடு. வாயைத் திற."

"என்னடீ விளையாட்டு?"

"சும்மாதான். திற."

மோப்பம் உருளைக்கிழங்குத் துண்டை வாயில் போட்டாள். சித்தி கடித்தாள், மென்றாள், விழுங்கினாள்.

"ஆப்பிள். நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மோப்பத்தின் கையில் இருந்த கிண்ணம் நழுவிக் கீழே விழுந்தது. துண்டுகள் கட்டிலுக்கு அடியில் உருண்டன. சித்தி கண்களைத் திறந்தாள். கீழே கிடந்த உருளைக்கிழங்கைப் பார்த்தாள். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

சித்தி அழுது மோப்பம் பார்த்ததே இல்லை. ஊரையே நடுங்க வைக்கிறவள் தலையணையைக் கட்டிக்கொண்டு தேம்பினால் பத்து வயதுப் பெண் என்ன செய்வாள்? பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"எப்பலேர்ந்து சித்தி?"

"அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம். மூக்கு முதல்ல போச்சு. பின்னாடியே நாக்கும் போச்சு. எதைத் தின்னாலும் காகிதத்தைத் தின்ன மாதிரி இருக்கு. மெதுவாத் திரும்பி வரும்னு டாக்டர் சொல்றார். எப்பன்னு அவருக்கும் தெரியல."

"அப்புறம் எப்படி வாராவாரம் எழுதின?"

சித்தி மூக்கை உறிஞ்சினாள். "கடிச்சா சத்தம் கேக்குமில்ல? அதை வெச்சு மொறுமொறுப்பு எழுதுவேன். அப்புறம், பக்கத்துல சாப்பிடறவங்க முகத்தைப் பார்ப்பேன். அவங்க சிரிச்சா ருசி. முகத்தைச் சுளிச்சா ருசி இல்ல."

மோப்பம் வாயைப் பிளந்தாள். அடுத்தவர் பரீட்சைத் தாளைப் பார்த்து எழுதக் கூடாது என்று டீச்சர் சொல்வார். இங்கே அடுத்தவர் முகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாள் சித்தி!

"பேப்பர் ஆசிரியர்கிட்டச் சொல்லலாமே?"

"சொன்னா வேலை போயிடும். நாக்கு இல்லாத நாக்கை யாரு வெச்சுக்குவாங்க?"

மோப்பம் சித்தியின் கண்ணைத் துடைத்துவிட்டாள். "சரி அழாத. நாளைக்கு மிச்ச நாலு கடையிலயும் நானே சாப்பிட்டுப் பாத்துச் சொல்றேன்" என்றாள். அப்போதைக்கு அதுதான் தோன்றியது.

மறுநாள் இருவரும் கிளம்பினார்கள். ஒரு கடையில் ரொட்டி ஜில்லென்று இருந்தது. ஒரு கடையில் சாண்ட்விச் இத்தனை உயரம். வாயை எவ்வளவு திறந்தாலும் போதவில்லை, உள்ளே இருந்ததில் பாதி மடியில் விழுந்தது. மற்ற இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

"நல்லாத்தான்னா? எப்படி நல்லா?" என்று சித்தி துளைத்தாள்.

"நல்லான்னா... அம்மா திட்டாத நாள் மாதிரி நல்லா."

"அதை எப்படிடீ பேப்பர்ல எழுதறது?"

பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். மோப்பத்தின் நடை சட்டென்று நின்றது. மூக்கு தானாகவே ஒரு சந்துப் பக்கம் திரும்பியது. வெங்காயம். வெண்ணெயில், சின்னத் தீயில், அவசரப்படாமல் வதங்குகிற வெங்காயம். கூடவே மிளகு.

"சித்தி, இங்கதான்! வா!"

சித்தி அந்தச் சந்தைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "அங்க வேண்டாம். அந்தக் கடையைப் பத்தி எழுதியாச்சு. அது சரியில்ல" என்றாள்.

அதற்குள் மோப்பம் ஓடிவிட்டாள். மூக்கு இழுத்தால் அவள் யார் பேச்சைத்தான் கேட்பாள்!

ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே சின்னதாக ஒரு கடை இருந்தது. முன்னால் நாலைந்து முக்காலிகள். அடுப்பு, தோசைக்கல் போல அகலமான ஒரு இரும்புக் கல், கனமான இரும்பு மூடி. எல்லாம் பளிச்சென்று இருந்தன. சாப்பிட ஆள் மட்டும் இல்லை. அம்மாவைவிட மூத்த ஒரு பெண் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆன்ட்டி, ஒரு சாண்ட்விச்!"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "என்கிட்டயா சொன்ன? இதோ பாப்பா, இதோ!"

தக்காளித் துண்டுகள் ஒரு சாய்ந்த தட்டில் உப்புத் தூவி வைக்கப்பட்டிருந்தன. தண்ணீர் வடிந்த துண்டுகளாகப் பார்த்து எடுத்தார். "தண்ணியோட வெச்சா ரொட்டி நமத்துப் போயிடும்" என்றார். ரொட்டிக்கு வெளிப்பக்கம் வெண்ணெய். உள்ளே சீஸ், தக்காளி, அந்த வெங்காயம். கல்லில் வைத்து, மேலே இரும்பு மூடியை வைத்து அழுத்தினார். கடைசியில் உப்புக் குப்பியை எடுத்தார். கை நடுங்கியது. வைத்தார். மறுபடி எடுத்தார். ஒரு சிட்டிகை தூவிவிட்டு மறுபடி வைத்தார்.

மோப்பம் ஒரு கடி கடித்தாள்.

அப்படியே நின்றுவிட்டாள். இப்படிக்கூட ஒரு சாண்ட்விச் இருக்குமா? முதலில் ரொட்டி நொறுங்கியது. பின்னால் சீஸ் இழுபட்டு வந்தது. தக்காளியின் புளிப்பை வெங்காயத்தின் இனிப்பு வந்து அணைத்துக்கொண்டது. அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள். சித்திக்குப் பாதி வைக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டாள்.

"உண்மையைச் சொல்லு பாப்பா. உப்பு இருக்கா?" என்று கடைக்கார அம்மா கேட்டார்.

"சரியா இருக்கு ஆன்ட்டி!"

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லாத."

"சத்தியமா! நான் சாப்பிட்டதுலேயே இதுதான் பெஸ்ட். அப்புறம் ஏன் ஒருத்தருமே இல்ல?"

சித்தி அப்போதுதான் கறுப்புக் கண்ணாடியோடு வந்து வாசலில் நின்றாள். கடைக்கார அம்மா அவளுக்கும் சேர்த்து ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார்:

"'படிக்கட்டுக் கடை சாண்ட்விச்சைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சாப்பிட்டவரின் முகமே சொன்னது. ஒரு கடிக்கு ஒரு முகச்சுளிப்பு. அதில் உப்பும் இல்லை, உயிரும் இல்லை.' பேப்பர்ல நாக்கு இப்படி எழுதிடுச்சு பாப்பா. அன்னிலேர்ந்து யாரும் வரல."

மோப்பம் கையில் இருந்த கடைசித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"வராதது கூடப் பரவாயில்ல" என்று அவர் தொடர்ந்தார். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஊருக்கெல்லாம் ருசி சொல்ற நாக்கு தப்பாவா சொல்லும்? என் நாக்குதான் கெட்டுப்போச்சு. உப்பைத் தொட்டாலே கை நடுங்குது. நாளைக்குக் கடையை மூடறேன். தங்கச்சியோட லாண்டரில துணி மடிக்கற வேலை இருக்கு. துணிக்கு உப்புப் போட வேண்டாம் பாரு."

சிரிப்பது போலத்தான் சொன்னார். ஆனால் மோப்பத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"முகத்தைச் சுளிச்சது யாரு ஆன்ட்டி?"

"அதான் எனக்கும் புரியல. அந்த வாரம் பூரா மழை. குடையோட வந்த ஒண்ணு ரெண்டு பேரும் பொட்டலமா வாங்கிட்டுப் போயிட்டாங்க, பக்கத்துக் கடை பூட்டுக்காரரைத் தவிர இங்க உக்காந்து ஒருத்தரும் சாப்பிடல. அவரு தினமும் இங்கதான் சாப்பிடறாரு. பிடிக்காமலா தினமும் வருவாரு?"

"என் பேரு அடிபடுதே?" என்று பக்கத்துக் கடையில் இருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. "எந்த வாரம்? ஓ, அந்த மழையா! அப்ப எனக்குக் கடவாய்ப் பல்லு வலி உயிர் போச்சும்மா. ஒரு கடி கடிச்சா கண்ணுல தண்ணி வந்துடும். ஆனாலும் விடுவேனா? கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே முழுசையும் சாப்பிட்டேன்! அடுத்த வாரம் பல்லைப் பிடுங்கினப்புறம்தான் நிம்மதி."

கடைக்கார அம்மாவுக்கும் பூட்டுக்காரருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் மோப்பத்தின் தலை மெல்லச் சித்தியின் பக்கம் திரும்பியது. சித்தி பேயறைந்தவள் போல நின்றாள்.

பல் வலி! ஒரு மனிதரின் பல் வலியைப் பார்த்து ஒரு கடையையே சாய்த்துவிட்டாள் சித்தி!

இருவரும் சந்து முனைக்கு வந்தார்கள். அங்கே ஒரு தபால் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சித்தி நின்றாள்.

"நான் என்ன பண்ணிட்டேன்! என்ன பண்ணிட்டேன் நான்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "இரு. ஒரு வழி இருக்கு. தங்கக் கத்தியை இந்தக் கடைக்கே குடுத்துடறேன். ஊரே ஓடி வரும். கடை பிழைச்சுக்கும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. மோப்பம் செருப்பு நுனியால் தரையைக் கீறிக்கொண்டே யோசித்தாள்.

"பரிசு குடுத்தா அவங்க கை நடுங்கறது நின்னுடுமா சித்தி?"

"என்னடீ சொல்ற?"

"அவங்க நாக்கு கெட்டுப்போச்சுன்னுல்ல அவங்க நம்பறாங்க? நீ பரிசு குடுத்தா, 'முன்னாடி கெட்டுப்போயிருந்துச்சு, இப்பச் சரியாயிடுச்சு'ன்னு நினைப்பாங்க. திரும்பவும் கெட்டுப்போகுமோன்னு பயந்துக்கிட்டே இருப்பாங்க. அவங்களுக்கு எதுவுமே ஆகல, உனக்குத்தான் ஆச்சுன்னு நீதானே சொல்லணும்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி.

"என் வேலை போயிடும்டீ" என்றாள் சித்தி.

"அவங்க வேலை நாளைக்கே போகுது" என்றாள் மோப்பம். அதட்டிச் சொல்லவில்லை. சித்தியின் விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். "பேப்பர்ல எழுதறதுக்கு முன்னாடி அவங்ககிட்டச் சொல்லணும் சித்தி. நானும் கூட வரேன்."

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அவர்கள் போனபோது பூட்டுக்காரர் ஏணிமேல் நின்று கடையின் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கடைக்கார அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சித்தி தலைத்துணியை அவிழ்த்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். "அம்மா, நான்தான் நாக்கு" என்றாள்.

"எந்த நாக்கு?" என்றார் கடைக்கார அம்மா.

"பேப்பர்ல எழுதற நாக்கு."

மேலே இருந்து ஸ்குரூடிரைவர் ஒன்று டங்கென்று விழுந்தது. நல்ல வேளை, யார் தலையிலும் விழவில்லை.

சித்தி எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், காகிதம் போன்ற சாப்பாடு, அடுத்தவர் முகம். எதையும் மறைக்கவில்லை. பல் வலியைப் பற்றிச் சொன்னபோது, "ஐயோ, என் பல்லாலயா!" என்று பூட்டுக்காரர் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைக்கார அம்மா சித்தியின் முகத்தையே பார்த்தார்.

"அப்ப... உப்பு?" என்றார்.

"எனக்கு எதுவுமே தெரியலம்மா. உப்பு, காரம், எதுவுமே தெரியல. தெரியாமலேயே எழுதிட்டேன். உங்க கையில ஒரு குறையும் இல்ல. மன்னிச்சிடுங்க."

"உப்பு சரியாத்தான் இருந்துச்சு ஆன்ட்டி. நான் நேத்தே சொன்னேனே" என்றாள் மோப்பம்.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். "இத்தனை நாளா இந்தக் கையைத் திட்டிக்கிட்டே இருந்தேன்" என்று மெல்லச் சொன்னார். பிறகு குரல் உயர்ந்தது. "உனக்கு உடம்பு சரியில்லன்னா வீட்டுல படுத்துக்க வேண்டியதுதானே? என் பொழப்புலயா வந்து விளையாடணும்? போ! என் கண்ணு முன்னாடி நிக்காத!"

சித்தி தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். மோப்பத்துக்கு அழுகை முட்டியது. உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். உண்மை இப்படித் திட்டு வாங்கித் தரும் என்று யார் கண்டது?

"வீட்டுக்குப் போகலாமா சித்தி?"

"இல்ல. ஆபீசுக்கு" என்றாள் சித்தி.

செய்தித்தாள் அலுவலகத்தில் ஆசிரியரின் அறை முழுக்கக் காகிதக் கட்டுகள். நடுவில் ஆசிரியரின் வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது. சித்தி சொல்லச் சொல்ல அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"நாளைக்குப் பேப்பர்ல அரைப் பக்கம் காலியா இருக்கு! அஞ்சு கடைக்காரங்களும் தங்கக் கத்தியை மாட்டச் சுவத்துல ஆணி அடிச்சு வெச்சிருக்காங்க! இப்ப வந்து நாக்கே இல்லன்னா நான் எதைப் போடறது?"

"நடந்ததை அப்படியே போடுங்க சார். அரைப் பக்கம் தாராளமா வரும்" என்றாள் மோப்பம்.

ஆசிரியர் அப்போதுதான் அவளைக் கவனித்தார். "இது யாரு?"

"என் அக்கா பொண்ணு. உருளைக்கிழங்கு குடுத்து என்னைக் கண்டுபிடிச்சது இவதான்" என்றாள் சித்தி.

ஆசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கினார். ஒரு நாற்காலியைச் சித்தியின் பக்கம் தள்ளினார். "உக்காருங்க. எழுதுங்க. ஒண்ணையும் பூசி மெழுகக் கூடாது. அப்புறம், நாக்கு திரும்பி வர்ற வரைக்கும் சாப்பாட்டுப் பக்கம் கிடையாது. வானிலை எழுதுங்க. அதுக்கு நாக்கு வேண்டாம், ஜன்னல் போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் முழுக்க அந்த அரைப் பக்கத்தைப் படித்தது. 'நாக்கு தப்பாகச் சொன்னது' என்று தலைப்பு. காய்ச்சலில் இருந்து பல் வலி வரை எல்லாம் அதில் இருந்தது. கடைசியில் இப்படி முடிந்தது: 'இந்த முறை பரிசு யாருக்கும் இல்லை. தேர்ந்தெடுக்க எனக்குத் தகுதி இல்லை. ஐந்து கடைகளோடு படிக்கட்டுக் கடைக்கும் போங்கள். என் நாக்கை நம்பாதீர்கள். உங்களுடையதை நம்புங்கள்.'

"ஆன்ட்டி கடையைத் திறந்திருப்பாங்களா?" என்று மோப்பம் காலையில் இருந்து நச்சரித்தாள். அவள் தொல்லை தாங்காமல் இருவரும் கிளம்பினார்கள்.

சந்து முனையிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே போக வழியே இல்லை! சந்து நிறையக் கூட்டம். அப்பாக்கள், அம்மாக்கள், தோளில் குழந்தைகள், சைக்கிளோடு சிலர். "வரிசையா நில்லுங்க! நான்தான் அந்தப் பல்லு வலிக்காரன், நான் சொல்றதைக் கேளுங்க!" என்று பூட்டுக்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பெயர்ப் பலகை கொஞ்சம் கோணலாக, ஆனால் பழைய இடத்திலேயே தொங்கியது.

மோப்பம் கால்களுக்கு இடையே புகுந்து முன்னால் போய்விட்டாள். சித்தியும் சாரி சாரி என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள்.

கடைக்கார அம்மா அடுப்புக்கும் பலகைக்கும் ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். சித்தியைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மோப்பத்திடம், "பாப்பா, உன் சித்திக்கு வெங்காயம் நறுக்கத் தெரியுமான்னு கேளு" என்றார்.

"தெரியும்" என்றாள் சித்தி.

"மெல்லிசா நறுக்கணும்னு சொல்லு."

சித்தி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வெங்காயம் நறுக்க மூக்கும் நாக்கும் வேண்டாம். கண் இருந்தால் போதும், தண்ணீர் கொட்டிவிடும். சித்தியின் கண்ணில் வழிந்ததெல்லாம் வெங்காயக் கண்ணீர்தானா என்று மோப்பம் கேட்கவில்லை. அவள் தட்டுகளைக் கழுவினாள். ஒவ்வொன்றையும் நன்றாக அலசிய பிறகுதான் அடுக்கினாள்.

வரிசையில் நின்ற பெரிய மீசைக்காரர் ஒருவர் ஒரு கடி கடித்துவிட்டு, "கொஞ்சம் உப்புக் குறையுதோ?" என்றார்.

மோப்பம் தட்டைக் கழுவுவதை நிறுத்திவிட்டாள். சித்தியின் கத்தியும் நின்றது.

கடைக்கார அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உப்பு சரியா இருக்கு. உங்களுக்கு அதிகம் வேணும்னா குப்பி அங்க இருக்கு, தூவிக்கோங்க" என்றார். சொல்லிக்கொண்டே அடுத்த ரொட்டியில் உப்புத் தூவினார். கை நடுங்கவே இல்லை.

மீசைக்காரர் குப்பியைத் தொடவில்லை. இன்னும் ஒரு சாண்ட்விச் கேட்டார்.

மதியம் தாண்டியது. ரொட்டி தீர்ந்து கூட்டம் கலைந்தது. பூட்டுக்காரர் குரல் கட்டிப்போய் ஒரு மூலையில் சாய்ந்துவிட்டார். இரண்டே இரண்டு ரொட்டித் துண்டுகள்தான் மிச்சம். கடைக்கார அம்மா அவற்றை எடுத்து நிதானமாக வெண்ணெய் தடவினார். தண்ணீர் வடிந்த தக்காளியை வைத்தார். சித்தி நறுக்கிய வெங்காயத்தை வைத்தார். இரும்பு மூடியால் அழுத்தி, பொன்னிறமானதும் எடுத்தார்.

மோப்பத்துக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் தட்டு அவள் முன்னால் வரவில்லை. சித்தியின் முன்னால் போய் உட்கார்ந்தது.

சித்தி திடுக்கிட்டு எழுந்தாள். "எனக்கா? வேண்டாம்மா. வீணாப் போயிடும். எனக்குத்தான் ருசி தெரியாதே!"

கடைக்கார அம்மா அவள் தோளைப் பிடித்து முக்காலியில் உட்காரவைத்தார்.

"ருசி தெரியலன்னா போகட்டும். பசி தெரியுமில்ல? சாப்பிடு."

சித்தி அதை இரண்டு கைகளாலும் எடுத்து, ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.